மையும் மரமும் – 7: படிக்கத் தெரியாதவர்கள் வாங்கிய எழுத்து

1945 மார்ச் 10. பொழுது விடிந்தது. டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் அந்த விடியலைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

போன வாரம் இனோவே யூயிச்சியை இங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். வயது 29. யோகோகவா ஆரம்பப் பள்ளியின் ஆசிரியர். அன்று அவருக்கு இரவுக் காவல் முறை. நள்ளிரவு தாண்டியதும் ஏறக்குறைய 300 பி-29 விமானங்கள் தாழப் பறந்து வந்து தீக்குண்டுகளைக் கொட்டின. காகிதமும் மரமுமாகக் கட்டிய வீடுகள் பற்றி எரிய, அக்கம்பக்கத்து ஜனம் ‘கான்கிரீட் கட்டடம் தாங்கும்’ என்று நம்பிப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடிவந்தது. கட்டடம் தாங்கியது. உள்ளே இருந்தவர்கள்?

ஆயிரம் பேரளவில் அங்கேயே செத்தார்கள். நகரம் முழுவதும் ஒரே இரவில் ஒரு லட்சம் பேர் வரை.

பிணங்களோடு பிணமாகக் கிடந்த ஓர் உடம்பில் மட்டும் கொஞ்சம் மூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல அந்த மூச்சு திரும்பியது. ஆம், யூயிச்சி பிழைத்துவிட்டார். அந்த இரவைத் தூரிகையால் எழுத அவருக்கு இன்னும் 33 வருஷம் பிடித்தது. ‘ஐயோ, யோகோகவா பள்ளியே’ என்று அந்தத் தாள் முழுக்க அவர் அலறியது 1978-ல்.

அதற்குள் ஒரு விசித்திரம் நடந்து முடிந்திருந்தது. தீக்குண்டு போட்ட அதே நாட்டிலிருந்து சீருடையிலும் கோட்டு சூட்டிலும் வந்து இறங்கியவர்கள், எரிந்த நகரத்தின் சந்துகளில் புகுந்து ஓவியர்களின் வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

எதற்காக? படம் வாங்க!

*

தோற்ற நாட்டில் சோற்றுக்கே வரிசை. இதில் படம் வாங்க எந்த ஜப்பானியருக்குக் காசு இருந்தது? காசு இருந்தவருக்கும் அச்சு ஓவியம் என்றால் இளக்காரம். ‘அச்சடித்ததுதானே, எத்தனை வேண்டுமானாலும் போடலாமே’ என்கிற அலட்சியம்.

அந்த அலட்சியத்துக்குக் காரணம் பழைய வழக்கம். ஒருவர் வரைவார், இன்னொருவர் மரத்தில் செதுக்குவார், மூன்றாமவர் அச்சடிப்பார், பதிப்பாளர் விற்பார். மலிவாக, ஆயிரக்கணக்கில். 1904-ல் யாமாமோதோ கனாயே என்ற இளைஞர் ஒரு மீனவன் படத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சடித்து இந்தச் சங்கிலியை அறுத்த கதையை இரண்டாம் வாரத்தில் பார்த்தோம். அவர் வழியில் வந்தவர்கள் தங்கள் வேலைக்கு வைத்த பெயர் ‘சோசாகு ஹங்கா’. படைப்பு அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தின் தலைமகன் ஓஞ்சி கோஷிரோ. 1939-லிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை அவர் வீட்டில் சின்னதாக ஒரு ஜமா கூடும். பெயரே ‘முதல் வியாழன் சங்கம்’தான். போரின் உச்சத்திலும் அது கலையவில்லை. 1944 தொடங்கி 1950 வரை, தாளுக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில், உறுப்பினர்கள் தங்கள் அச்சுகளை ஒன்றாகக் கட்டி ஆறு தொகுப்புகள் போட்டார்கள். வாங்குவார் இல்லை, தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் அமெரிக்கர்கள் வந்தார்கள். வில்லியம் ஹார்ட்நெட் வந்தார். 1947-ல் ராணுவத்தின் சிவில் அலுவலராக ஜப்பானில் இறங்கிய ஆலிவர் ஸ்டாட்லர் வந்தார். பின்னவர் வேலை முடிந்து ஊர் திரும்புவார் என்று பார்த்தால் பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். ஓவியர்களைத் தேடித்தேடிப் பார்த்தார். அவர்கள் எப்படிச் செதுக்குகிறார்கள், என்ன மரம், என்ன தாள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1956-ல் அது புத்தகமாக வந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு நெடுங்காலம் அதுவே கைவிளக்கு.

இடையில் இன்னோர் அதிர்ச்சி. 1951-ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்கு ஜப்பான் ஓவியங்களை அனுப்பியது, சிற்பங்களை அனுப்பியது, போகிற போக்கில் சில அச்சுகளையும் அனுப்பியது. பரிசு வாங்கி வந்தவர்கள் யார்? சைதோ கியோஷி, கோமாய் தெத்சுரோ. இருவருமே அச்சுக்காரர்கள்! உள்ளூர் விமர்சகர்களுக்கு மோர் குடித்த வாயில் வெந்நீர் ஊற்றியது போலாயிற்று.

அந்த நாள்களில் வியாழக்கிழமைக் கூட்டத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்த ஓர் இளைஞரை யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். 1924-ல் இபராகி மாவட்டத்தில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்றவர். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இயற்பெயர் மயேஜிமா ததாகி. உலகம் அவரை அறிந்த பெயர் ஹாகு மாகி.

அவர் உட்கார்ந்த இடத்தில் அவரை விட்டுவிட்டு, நாம் கொஞ்சம் பக்கத்துத் தெருவுக்குப் போய் வரவேண்டியிருக்கிறது. அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

*

சண்டை எழுத்தைப் பற்றியது.

சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகளை ஜப்பானியர்கள் கான்ஜி என்பார்கள். தூரிகையால் அதை எழுதுவது ‘ஷோ’. நமக்குச் சங்கீதம் எப்படியோ, அப்படி அவர்களுக்கு அது. குரு உண்டு, பரம்பரை உண்டு, பாடாந்தரம் உண்டு. ஒரு கோட்டைத் தொட்டால் தொட்டதுதான், திருத்துவது கிடையாது.

போர் முடிந்த அதே 1945-ல் ஹிதாய் நன்கோகு என்பவர் ஒரு காரியம் செய்தார். எழுத்துக்கலையில் பெரும்புள்ளியான ஹிதாய் தென்ராயின் மகன். என்ன எழுதுவதென்று கை ஓடாத நேரத்தில், ‘வழி தெரியாவிட்டால் பழையதற்குப் போ’ என்ற தந்தையின் சொல் நினைவுக்கு வந்தது. பழங்கால எழுத்துகளின் அகராதியைப் புரட்டினார். ‘மின்னல்’ என்பதற்கான எழுத்து கண்ணில் பட்டது. அந்த எழுத்தை எடுத்தார், வளைத்தார், நீட்டினார், முறித்தார். முடித்தபோது தாளில் கோடுகள் இருந்தன, எழுத்து இல்லை.

படிக்க முடியாத எழுத்து! எழுத்துக்கலை உலகம் இரண்டுபட்டது.

1952 ஜனவரி 5. கியோத்தோவின் ரியோவான்ஜி கோயில். மணலும் கல்லுமாக உலகப்புகழ் பெற்ற தோட்டம் உள்ள இடம். ஐந்து பேர் அங்கே கூடி, குருமார்களின் சங்கங்களை விட்டு விலகி, ‘பொகுஜின்காய்’ என்று தனிக்கடை திறந்தார்கள். மை மனிதர் சங்கம். ஐவரில் ஒருவர் மொரிதா ஷிர்யூ. இன்னொருவர் நம் பிணக்குவியலிலிருந்து எழுந்து வந்த ஆசிரியர், இனோவே யூயிச்சி.

மொரிதா நடத்திய ‘பொகுபி’ பத்திரிகையின் முதல் இதழ் 1951-லேயே வெளிவந்திருந்தது. அட்டையில் இருந்தது ஜப்பானிய எழுத்து இல்லை. நியூயார்க் ஓவியர் ஃபிரான்ஸ் க்ளைனின் கறுப்பு வெள்ளைப் படம். எழுதத் தெரியாத அமெரிக்கர் போட்ட கோடு, எழுதத் தெரிந்தவர்களைத் தூக்கிவாரிப் போட வைத்தது.

யூயிச்சியும் எழுத்தைக் கைவிட்டுப் பார்த்தார். எனாமல் பூச்சில் பெரிய தூரிகையை முக்கி, தாளில் வெறும் கோடுகளாக அடித்தார். திருப்தி இல்லை. 1956-ல் எழுத்துக்கே திரும்பி வந்தார். ‘குதெத்சு’ என்று இரண்டே எழுத்துகளை எழுதினார். முட்டாள்தனத்தின் எல்லைவரை போவது என்று ஏறத்தாழ அர்த்தம் சொல்லலாம். அடுத்த ஆண்டு அதுவும் சாவோ பாவ்லோ கண்காட்சிக்குப் போயிற்று.

எழுத்து இருக்க வேண்டுமா, வேண்டாமா? இருந்தால் அது படிப்பதற்கா, பார்ப்பதற்கா?

ஒரு நிமிஷம் நம்மை வைத்தே பாருங்கள். தமிழ் தெரிந்த ஒருவரால் ‘அ’ என்ற எழுத்தை வெறும் கோடாகப் பார்க்க முடியுமா? கண் பார்ப்பதற்குள் மனம் படித்துவிடுகிறதே. அந்தச் சுழியின் அழகு, வால் இறங்கும் விதம், எல்லாம் சத்தத்துக்குள் மூழ்கிவிடுகின்றன. எழுத்தைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்று, அதைப் படிக்கத் தெரியாதவராக இருக்க வேண்டும். இல்லையேல் யாராவது அதைப் படிக்க முடியாதபடி செய்ய வேண்டும்.

இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. வாசலில் படிக்கத் தெரியாத அமெரிக்கர்கள். உள்ளே, கூட்டத்தின் ஓரத்தில், மாகி.

*

1955-ல் ஓஞ்சி காலமானார். குரு போனபின் மாகி தன் வழியைத் தானே தேடவேண்டியதாயிற்று.

மரத்தில் எழுத்தைச் செதுக்கினால் விளிம்பு கத்தியின் விளிம்பாகத்தான் வரும். சுத்தமாக, கூராக. தூரிகை இழுத்த கோடு அப்படியா இருக்கும்? தொடங்கும் இடத்தில் மை திரளும், நடுவில் மெலியும், முடிவில் மயிர் பிரிந்து தாளின் வெள்ளை தெரியும். அதைக் கத்தியால் எப்படிப் பிடிப்பது?

மாகி கடைக்குப் போய் வாங்கிவந்த சாமான், எந்த ஓவியரும் வாங்காதது. சிமென்ட்!

பலகையின் மேல் ஈர சிமென்ட்டைப் பூசினார். அது இறுகுவதற்குள் கீறினார், வழித்தார், குவித்தார். பழைய கான்ஜி ஒன்றை எடுத்து ஒரு கால் நீட்டினார், ஒரு கை முறித்தார். கொத்தனார் வேலையும் எழுத்தர் வேலையும் ஒன்றான இடம் அது. சிமென்ட் காய்ந்ததும் அச்சுப் பலகை தயார். மை தடவி, கனமான ஈரத்தாளை அதன்மேல் அழுத்தினார். தாள் பள்ளத்துக்குள் இறங்கியது, மேட்டின்மேல் ஏறியது. உரித்தெடுத்தபோது எழுத்து தாளிலிருந்து எழும்பி நின்றது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம், வாருங்கள். விரல்களை ஓரத்தில் மட்டும் வையுங்கள்.

சட்டம் இல்லை, கண்ணாடி இல்லை. தடித்த தாள் மட்டும். பெரும்பகுதி கருமை. அந்தக் கருமைக்குள் வெள்ளையாக ஓர் எழுத்து. எதிரே வைத்துப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. இப்போது ஜன்னல் பக்கம் போய்த் தாளைச் சற்றே சாயுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். சட்டென்று எழுத்தின் கரைகள் நிழல் போடுகின்றன. வெள்ளை என்று நினைத்த இடத்தில் மணல் படுகை போலச் சொரசொரப்பு. வயலில் நீர் வற்றிய வாய்க்கால் மாதிரி ஒரு கோடு இறங்கிப் போகிறது. தாளைத் திருப்புங்கள்: முன்புறம் மேடாக நின்றது பின்புறம் பள்ளமாக இருக்கிறது. முன்புறத்தில் ஒரு மூலையில் சின்னதாகச் சிவப்பு முத்திரை. கீழே பென்சிலில், ஆங்கில எழுத்தில் கையொப்பம்.

பென்சிலில் இன்னும் சில எண்களும் உண்டு. ‘கவிதை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘பொயம்’, பிறகு 70, ஒரு சிறு கோடு, அப்புறம் வேறோர் எண். இதென்ன, லாட்டரிச் சீட்டா என்று தோன்றும். முதல் எண் ஆண்டு. 70 என்றால் 1970. அடுத்தது அந்த வருஷத்தின் வரிசை எண். இன்னொரு பக்கம் பின்னம் போல எழுதியிருப்பது, மொத்தம் எத்தனை பிரதிகளில் இது எத்தனையாவது என்பது. சேகரிப்பவர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்ப்பார்கள்.

அதற்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும் என்று பழுத்த சேகரிப்பாளர்கள் சொல்வார்கள்: மேடு உயிரோடு இருக்கிறதா? இந்தத் தாளைச் சட்டம் போடுகிறேன் பேர்வழி என்று யாராவது பின்னால் பசை தடவி அட்டையில் ஒட்டி, கண்ணாடியை இறுக்கி அழுத்தியிருந்தால், சிமென்ட் கொடுத்த மேடு பள்ளமெல்லாம் அமுங்கிப் போயிருக்கும். பிறகு மிச்சம் இருப்பது மாகியின் நிழல் மட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சட்டமிடுவார்கள். மட்டமான அட்டை தாளில் பழுப்புக் கோடு விழச்செய்யும்; ஈரம் பழுப்புப் புள்ளிகளை விதைக்கும்; வெயில் சிவப்பைத் தின்னும். எதிரிகள் பலர்.

*

மாகிக்குத் திருப்பம் 1962-ல் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு நாவலாசிரியர்.

ஜேம்ஸ் மிச்செனர். தென் பசிபிக் கதைகளுக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியவர். பழைய ஜப்பானிய அச்சுகளை வெறியோடு சேர்த்தவர். அவர் ஹொனலூலு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவை மட்டும் 5,000-க்கும் மேல். பழையதைச் சேர்த்த கைக்கு, ‘உயிரோடிருக்கும் ஓவியர்களுக்கு நாம் என்ன செய்தோம்’ என்ற உறுத்தல் வந்தது போலும். ஒரு திட்டம் போட்டார். போட்டி வைத்துப் பத்து அச்சுகளைத் தேர்ந்தெடுப்பது. அந்தப் பத்தையும் ஒரே புத்தகமாகக் கட்டுவது. படத்தின் நகலை அல்ல; ஓவியரே கையால் அச்சடித்த மூலத் தாள்களை!

மொத்தம் 510 புத்தகங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஓவியரும் ஒரே படத்தை 510 முறை, ஒரே தரத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பத்துப் பேரும் சேர்ந்தால் 5,100 தாள்கள்.

பட்டியலில் ஹிராத்சுகா உன்இச்சி போன்ற மூத்த பெயர்கள் இருந்தன. அவற்றோடு மாகியின் பெயரும் இருந்தது. ஓவியக் கல்லூரிக்கே போகாத மாகி!

அந்தப் புத்தகம் அமெரிக்க வரவேற்பறைகளுக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1969-ல், பழைய இசைச்சுவடி ஒன்றிலிருந்த ஜப்பானியப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மாகி 21 அச்சுகள் செய்தார். எழுத்து கவிதையாக, கவிதை மறுபடி எழுத்தாக. அதன் பிறகு ‘கவிதை’ என்ற தலைப்பும் ஆண்டு எண்ணுமாகத் தாள்கள் வரிசையாக வந்தன. டோக்கியோவில் வேலை பார்த்து ஊர் திரும்பிய வெளிநாட்டுக் குடும்பங்களின் பெட்டிகளில் பயணம் செய்தன. இன்று அவை அமெரிக்க வீடுகளின் பரணிலிருந்து ஏலத்துக்கு வருவது இந்தப் பயணத்தின் மறுபாதி.

வாங்கியவர்கள் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இது என்ன எழுத்து?”

சரி, அதைத்தான் ஒரு ஜப்பானியரிடம் காட்டிக் கேட்கலாமே? கேட்டார்கள். ஜப்பானியரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சில எழுத்துகள் பிடிபட்டன. பலவற்றில் மாகி கையையும் காலையும் அப்படி மாற்றி வைத்திருந்தார். அகராதியில் தேடினாலும் அகப்படாது. படிக்கத் தெரிந்தவரையும் படிக்கத் தெரியாதவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டார் மனுஷர். இருவரும் செய்யக்கூடியது ஒன்றே: பார்ப்பது.

ரியோவான்ஜியில் ஐந்து பேர் தத்துவமாகப் பேசித் தீராத வழக்கை, ஒரு சட்டி சிமென்ட் வேறொரு பக்கத்திலிருந்து தீர்த்துவைத்தது போலிருந்தது.

தீர்ந்துவிட்டதா?

*

மாகி அச்சுக்காரர். எழுத்தை வெளியிலிருந்து எடுத்து வந்தவர். அவர் எத்தனை முறை அச்சடித்தாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால், ஆறு வயதிலிருந்து தூரிகை பிடித்த ஒருவர், ‘ஒரு கோடு ஒரு முறைதான்’ என்ற விரதத்தில் வளர்ந்த ஒருவர், அச்சுப் பட்டறைக்குள் நுழைந்தால்?

1956. நியூயார்க். வாடகை அறையில் 43 வயதுப் பெண் ஒருவர் கல்லில் நீர் விட்டு மைக்கட்டியை உரைத்துக்கொண்டிருக்கிறார். பெயர் ஷினோதா தோகோ. இரண்டு வருஷத்துக்கு முன் இதே நகரத்தின் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய ஜப்பானிய எழுத்துக்கலைக் கண்காட்சியில் அவர் எழுத்தும் தொங்கியது. இப்போது ஆளே வந்துவிட்டார். விசா இரண்டே மாதம்தான்.

தூரிகையை முக்குகிறார். தாளில் இழுக்கிறார். டோக்கியோவில் இப்படி இழுத்தால் மை மெல்லப் பரவும், ஓரத்தில் சாம்பல் பூக்கும், ஈரக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கே? இழுத்த கை தாளின் மறுமுனைக்குப் போவதற்குள் மை காய்ந்துவிடுகிறது. மறுபடி இழுக்கிறார். மறுபடி காய்கிறது. இந்த ஊர்க் காற்று அவருடைய மைக்கு ஆகவில்லை.

விசாவை நீட்டி நீட்டி 1958 வரை தாக்குப்பிடித்தார். கடைசியில் தோற்றுப்போய்த் திரும்பினாரா? இல்லை. திரும்பினார், பின்னர் கல்லச்சு இயந்திரம் ஒன்றின் முன் போய் நின்றார். அவர் தூரிகையால் இட்ட கோடு பிரதிகளாக உருண்டு வெளியே வந்தது. வரிசையாக, ஒன்றைப் போல ஒன்று. எழுத்துக்கலை பரம்பரையில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

காய்ந்த முதல் தாளை எடுத்துத் தரையில் விரித்தார். பார்த்தார். பிறகு, அச்சாகி முடிந்த அந்தப் படத்தின்மேல், மையில் நனைத்த தூரிகையை உயர்த்தினார்.

அந்தத் தூரிகை இறங்கினால் தாள் அச்சாகவே இருக்குமா, இல்லை உலகில் ஒன்றே ஒன்றான மூலமாகிவிடுமா? வாங்குகிறவர் எதற்கு விலை கொடுப்பார்?

தூரிகை இறங்கியது.

(தொடரும்)